பிடியரிசியும் அகராதியும்: லூஷாய் மலையில் திருச்சபை ஆதரவும் மொழிப்பணியும்

1. முன்னுரை

கிறித்தவ நற்செய்தி எட்டாத மக்களிடையே நடைபெற்ற சமயப்பணிக்குத் திருச்சபைகள் எவ்வாறு துணைநின்றன என்பதை வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் இரண்டு கணக்குகளைக் கொண்டு அளந்துள்ளனர். ஒன்று, அனுப்பப்பட்ட ஆட்களின் கணக்கு. மற்றொன்று, செலவிடப்பட்ட பணத்தின் கணக்கு. மொழி வரலாற்றை ஆராய்வோருக்கு இவ்விரண்டும் போதா. எழுத்தில்லாத ஒரு மொழிக்கு எழுத்தமைத்தவர் அம்மொழி பேசுவோரிடையே எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தார், அவர் தொகுத்த சொற்கள் அச்சேறினவா, அச்சேற்றியவர் யார், அவருடன் அமர்ந்து பணிசெய்த அம்மொழியாளர் எவர் என்னும் வினாக்களும் எழுகின்றன. இவற்றுக்கு விடைகாண மூன்றாவதாக ஒரு கணக்கு வேண்டும். அது காலக் கணக்கு.

இன்றைய மிசோரம் மாநிலமாகிய பழைய லூஷாய் மலைப்பகுதியில் 1894 முதல் நடைபெற்ற மொழிப்பணியை இக்கட்டுரை இந்நோக்கில் ஆராய்கிறது. இப்பகுதியைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. ஒரே மொழியில், ஒரே மனிதரின் வாழ்நாளுக்குள், இருவேறு வகையான ஆதரவுகள் செயற்பட்டதை இங்குக் காணமுடிகிறது. முதலாவது, ஒரு செல்வரின் விரைவு வேண்டிய கொடை. இரண்டாவது, திருச்சபைகளின் நெடுநாள் துணை. இவை ஒவ்வொன்றும் மொழிக்கு எதனை அளித்தது, எதனை அளிக்கத் தவறியது என்பதே இங்கு எழுப்பப்படும் வினா. சமயமாற்றம் பற்றிய நியாய அநியாய விவாதம் இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

2. எழுத்துக்கு முன்

மிசோ மொழி திபெத்திய-பர்மியக் குடும்பத்தின் குக்கி-சின் கிளையைச் சார்ந்தது. அதனைக் குறித்த அச்சு நூல்கள் சமயப் பணியாளர் வருமுன்னரே தோன்றிவிட்டன. சிட்டகாங் மலைப்பகுதியின் ஆட்சியாளராக இருந்த டி. எச். லூயின், பேச்சுமொழிப் பயிற்சிகள் அடங்கிய நூலொன்றை 1874இல் கல்கத்தாவில் வெளியிட்டார். 1884இல் பிரஜநாத் சாஹா என்னும் வங்காள மருத்துவ அலுவலர் லூஷாய் இலக்கணம் ஒன்றை எழுதினார். இவ்விரு நூல்களும் ஆட்சி அலுவலருக்கு உதவும் பொருட்டு எழுதப்பட்டவை. அம்மொழி பேசுவோர் தம் மொழியைத் தாமே எழுதவும் படிக்கவும் வேண்டும் என்பது அவற்றின் நோக்கம் அன்று.

1889-90ஆம் ஆண்டுப் படையெடுப்புக்குப் பின் அம்மலைப்பகுதி ஆங்கில ஆட்சியின்கீழ் வந்தது. 1891இல் காசி மலையில் பணியாற்றிவந்த வில்லியம் வில்லியம்ஸ் என்னும் வெல்ஷ் பணியாளர் அய்சாலுக்கு வந்து பார்த்துச் சென்றார். மறு ஆண்டே அவர் இறந்துபோயினும், லூஷாய் மலையைத் தம் பணிக்களமாக ஏற்பதென வெல்ஷ் திருச்சபை முடிவு செய்தது. ஆயினும் முதலில் வந்து தங்கியவர்கள் வேறொருவரால் அனுப்பப்பட்ட இருவரே.

3. ஒரு செல்வரின் விரைவு

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரைச் சேர்ந்த இராபர்ட் ஆர்திங்டன் (1823-1900) பெருஞ்செல்வர். தமக்கெனச் செலவிடாது, மிக எளிய வாழ்க்கை வாழ்ந்து, தம் செல்வம் முழுவதையும் நற்செய்தி எட்டாத மக்களுக்கென ஒதுக்கியவர். அவரிடம் தெளிவான ஒரு கொள்கை இருந்தது. பணியாளர் ஓரினத்தாரிடம் சென்று, அவர்களது மொழியைக் கற்று, லூக்கா, யோவான் ஆகிய இரு நற்செய்தி நூல்களையும் திருத்தூதர் பணிகள் நூலையும் மொழிபெயர்த்து, சிலருக்கு வாசிக்கக் கற்பித்துவிட்டு, அடுத்த இனத்தாரிடம் செல்லவேண்டும் என்பதே அது. உலகிலுள்ள எல்லா இனத்தாரையும் விரைவில் எட்டிவிடவேண்டும் என்னும் ஆர்வம் இக்கொள்கையின் அடிப்படை. ஓரிடத்தில் நெடுநாள் தங்குதல் பிற இடங்களுக்கு இழைக்கும் அநீதி என்று அவர் கருதினார்.

அவர் அனுப்பிய ஜே. எச். லோரெயின், எஃப். டபிள்யூ. சாவிட்ஜ் ஆகிய இருவரும் சில்சாரிலிருந்து படகில் புறப்பட்டு, 1894 ஜனவரி 11ஆம் நாள் அய்சால் பகுதியை அடைந்தனர். அந்நாள் இன்றும் மிசோரத்தில் பொது விடுமுறையாகக் கொண்டாடப்படுகிறது. அவர்கள் வந்த சில மாதங்களிலேயே உரோமன் எழுத்தில் ஓர் எழுத்துமுறையை வகுத்து, ஏப்ரலில் இரண்டே மாணவருடன் பள்ளி ஒன்றைத் தொடங்கினர். 1895இல் தொடக்கநிலைப் பாடநூல் வெளிவந்தது. தொடர்ந்து மேற்கூறிய மூன்று நூல்களையும் மொழிபெயர்த்தனர். இலக்கணமும் அகராதியும் அடங்கிய நூல் ஒன்றையும் உருவாக்கினர். இவையனைத்தும் நான்கே ஆண்டுகளில் முடிந்தன. 1897ஆம் ஆண்டின் இறுதியுடன் அவர்களின் பணிக்காலம் நிறைவுற்றது. ஆர்திங்டனின் கொள்கைப்படி களம் வெல்ஷ் திருச்சபையிடம் ஒப்படைக்கப்பட்டது. மொழியை நன்கு அறிந்த இருவரும் அம்மொழி வழங்கும் நிலத்தைவிட்டு வெளியேறினர்.

இவ்விருவரின் சாதனையைக் குறைத்து மதிப்பிடுதல் பொருந்தாது. எனினும், நான்காண்டு எல்லை மொழிப்பணியில் எத்தகைய தடத்தை விட்டுச்சென்றது என்பதை ஆராய்தல் வேண்டும்.

4. நான்காண்டுகளில் அமைந்த எழுத்துமுறை

மெய்யொலிகளுக்கு ஆங்கில ஒலிமதிப்பையும் உயிரொலிகளுக்கு இத்தாலிய ஒலிமதிப்பையும் அளிக்கும் முறை அக்கால இந்தியாவில் ஹண்டர் முறை என்று வழங்கியது. லோரெயினும் சாவிட்ஜும் அதனையே அடிப்படையாகக் கொண்டனர். பல ஊர்களிலும் பொருள் விளங்கும் துஹ்லியன் வழக்கைத் தம் எழுத்துமொழிக்குத் தேர்ந்தனர். இவ்வெழுத்துமுறை பின்னர்ச் சில திருத்தங்களைப் பெற்றது. இன்று வழங்கும் மிசோ நெடுங்கணக்கில் இருபத்தைந்து எழுத்துகள் உள்ளன. 'ஏ', 'டபிள்யூ' ஆகிய இரண்டையும் இணைத்து எழுதும் கூட்டெழுத்து அதில் தனி உயிரெழுத்தாகவே எண்ணப்படுகிறது. 'டி' எழுத்தின் கீழ்ப் புள்ளியிட்டு, நாவை வளைத்து ஒலிக்கும் தனியொலி ஒன்றைக் குறிக்கின்றனர். குறைந்த குறியீடுகளைக் கொண்ட எளிய முறை இது. அம்மக்கள் விரைவாகப் படிக்கவும் எழுதவும் கற்றமைக்கு இவ்வெளிமை ஒரு காரணம்.

ஆனால் மிசோ ஒரு தொனி மொழி. அசையின் தொனி மாறினால் சொல்லின் பொருள் மாறும். உயர்வு, தாழ்வு, ஏற்றம், இறக்கம் என நான்கு தொனிகளை அறிஞர் குறிப்பிடுவர். 'லெய்' என்று எழுதப்படும் வடிவம் நாக்கு, மண், பாலம், வாங்குதல் ஆகிய பொருள்களைத் தரவல்லது. பேச்சில் தொனி இவற்றைப் பிரித்துக் காட்டும். எழுத்தில் இடம்நோக்கியே பொருள்கொள்ள வேண்டும். வழக்கிலுள்ள எழுத்துமுறையில் தொனிக்குக் குறியீடு இல்லை. தாய்மொழியாளருக்கு இஃது இடர் தருவதில்லை. புதிதாகக் கற்போருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் ஆய்வாளருக்கும் இது பெருங்குறையாகும். அசையமைப்பை ஆராய்ந்து யூஜினி ஹெண்டர்சன் 1948இலும், ஒலியன்களை ஆராய்ந்து இராபின்ஸ் பர்லிங் 1957இலும் கட்டுரைகள் எழுதினர். எழுத்துமுறை வகுக்கப்பட்டு அரை நூற்றாண்டு கடந்த பின்னரே இவ்வாய்வுகள் தோன்றின என்பது கருதத்தக்கது.

தொனியைக் குறியாமல் விட்டதற்குக் கால நெருக்கடி ஒன்றே காரணம் என்று துணிந்துரைத்தல் இயலாது. தொனியை விளக்கும் மொழியியற் கருவிகள் அன்று வளர்ச்சி பெறவில்லை. நெடுநாள் தங்கியோரும் தம் எழுத்துமுறைகளில் தொனியை விட்டதுண்டு. ஆயினும் ஒன்றை உறுதியாகக் கூறலாம். முதல் ஆண்டின் சில மாதங்களில் எடுக்கப்பட்ட முடிவு, பாடநூலிலும் நற்செய்தி நூலிலும் அச்சேறியதும், மக்கள் கைப்பழக்கமாக நிலைபெற்றுவிடுகிறது. பிறகு வரும் அறிவு அதனை எளிதில் மாற்ற இயலாது. எழுத்தமைக்கும் பணியில் முதலாண்டு முடிவுகளே நூற்றாண்டு முடிவுகளாகின்றன. ஆதலின் பணியை ஆதரிப்போர் முதலாண்டில் கேட்கவேண்டியது விரைவு அன்று, பொறுமையே.

ஆதரிப்போரின் மொழியே எழுத்துமுறையில் தடம்பதிப்பதும் உண்டு. அண்டையிலுள்ள காசி மலையில் 1841இல் பணிதொடங்கிய தாமஸ் ஜோன்ஸ், முன்னர்ச் செராம்பூர்ப் பணியாளர் கையாண்ட வங்க எழுத்தை விடுத்து உரோமன் எழுத்தைக் கொண்டார். அதனைத் தம் தாய்மொழியாகிய வெல்ஷ் எழுத்துமுறையைத் தழுவி அமைத்தார். வெல்ஷ் சிற்றூர்களின் காணிக்கையில் வாழ்ந்த பணியின் முத்திரை காசி நெடுங்கணக்கில் இன்றும் காணக்கிடைக்கிறது.

5. திருச்சபை தங்கிய பின்

1897இல் வெல்ஷ் திருச்சபையின் டி. இ. ஜோன்ஸ் அய்சாலுக்கு வந்தார். அடுத்து எட்வின் ரோலண்ட்ஸ் வந்து இணைந்தார். வெளியேறிய லோரெயினும் சாவிட்ஜும் அசாம் எல்லையில் அபோர் மக்களிடையே சில ஆண்டுகள் பணியாற்றினர். அங்கும் லோரெயின் அபோர்-மிரி அகராதி ஒன்றைத் தொகுத்தார். லூஷாய் மலையின் தென்பகுதியைப் பாப்திஸ்து மிஷனரி சங்கம் ஏற்றுக்கொண்டபோது, அச்சங்கத்தின் பணியாளராக அவ்விருவரும் 1903 மார்ச் மாதம் லுங்லே வந்து சேர்ந்தனர். இம்முறை நான்காண்டு எல்லை இல்லை. லோரெயின் 1932 வரை அங்குத் தங்கினார்.

மிசோ மக்கள் லோரெயினுக்குப் 'பு புவாங்கா' என்றும், சாவிட்ஜுக்குச் 'சாப் உபா' என்றும், ஜோன்ஸுக்குச் 'சோசாப்லுயா' என்றும் பெயரிட்டு அழைத்தனர். 'பு' என்பது பாட்டனையும் மூத்தோரையும் குறிக்கும் மதிப்புச் சொல். ஒருவர் நெடுநாள் தங்கி வாழும் இடத்திலேயே இத்தகைய உறவுப் பெயர் நிலைபெறும்.

தங்கியதன் பயனை மொழிபெயர்ப்பில் தெளிவாகக் காணலாம். மிசோ மொழியில் ஆண்பெயர்கள் 'ஆ' என்னும் ஈற்றையும், பெண்பெயர்கள் 'ஈ' என்னும் ஈற்றையும் பெறும். மிசோ திருமறையில் இயேசு 'இசுவா' ஆகிறார். பேதுருவும் பவுலும் ஆண்பால் ஈறு பெறுகின்றனர். மார்த்தாள் என்னும் பெண்பெயர் மூலத்தில் 'ஆ' ஈற்றில் முடிவதால், மிசோ செவிக்கு ஆண்பெயராக ஒலிக்கும். எனவே அது 'மார்த்தி' என்று மாற்றப்பட்டது. அயற்பெயர்களை எழுத்துப்பெயர்ப்பாக விட்டுவிடாமல் தம் மொழியின் பெயரிலக்கணத்துக்குள் கொணர்ந்த இச்செயல், மொழிபெயர்ப்பாளர் கவனிக்கத்தக்க ஒன்று.

கடவுளைக் குறிக்கும் சொல்லும் இவ்வாறே மொழிக்குள்ளிருந்து எடுக்கப்பட்டது. 'பத்தியன்' என்பது கிறித்தவத்துக்கு முன்னரே வழங்கிய சொல். நன்மை செய்பவனாகவும் எட்டத்தில் இருப்பவனாகவும் மக்கள் கருதிய மேலான தெய்வத்தை அது குறித்தது. அன்றாடப் பலியும் சடங்கும் தீங்கு செய்யும் ஆவிகளை நோக்கியே பெரிதும் நிகழ்ந்தன. மொழிபெயர்ப்பாளர் 'பத்தியன்' என்னும் சொல்லை ஏற்றபோது, எட்டத்தில் இருந்தவன் அண்மையில் வந்தவனாகச் சொற்பொருள் மாறிற்று. தமிழில் சர்வேசுரன், பராபரன், தேவன், கடவுள் எனச் சொற்கள் மாறிமாறி வந்த வரலாற்றை அறிந்தோர்க்கு, ஒரே சொல் நிலைத்த இம்மொழியின் அனுபவம் வியப்பளிக்கும்.

புதிய ஏற்பாடு முழுவதும் 1916-17இல் வெளிவந்தது. முழுத் திருமறை 1959இல் வெளிவந்தது. இப்பணியில் சல்லியானா போன்ற மிசோ அறிஞர் லோரெயினுடன் இணைந்து உழைத்தனர். முதல் மூன்று நூல்கள் நான்காண்டுகளில் முடிந்தன. முழுநூல் நிறைவுபெறுவதற்கு அறுபத்தைந்து ஆண்டுகள் ஆயின. ஆர்திங்டனின் கணக்கில் இப்பணி 1897இல் முடிந்துவிட்டது. மொழியின் கணக்கில் அன்றுதான் தொடங்கிற்று.

6. அகராதியை அச்சிட்டவர் யார்?

இங்கு ஓர் உண்மையைச் சுட்டுதல் வேண்டும். லோரெயினும் சாவிட்ஜும் உருவாக்கிய இலக்கண, அகராதி நூல் 1898இல் ஷில்லாங்கில், அசாம் அரசுச் செயலக அச்சகத்தில் அச்சாயிற்று. அபோர்-மிரி அகராதியும் ஷில்லாங்கில் அரசு அச்சகத்திலேயே அச்சாயிற்று. லோரெயினின் வாழ்நாள் உழைப்பாகிய லூஷாய் பேரகராதி 1940இல் வங்காள ஆசியக் கழகத்தின் நூல்வரிசையில் வெளிவந்தது. அவருடைய தம்பி ரெஜினால்ட் லோரெயின் தொகுத்த மாரா மொழியின் இலக்கணமும் அகராதியும், அவர் இறந்த பின்னர், 1951இல் அசாம் அரசின் வரலாற்று, தொல்பொருள் ஆய்வுத் துறையால் குவாஹாட்டியில் வெளியிடப்பட்டன.

நான்கு அகராதிகளையும் தொகுத்தவர் சமயப் பணியாளர். அச்சிட்டவை அரசும் அறிஞர் கழகமும். நற்செய்தி நூல்களுக்கோ வேதாகமச் சங்கத்தின் பொருளுதவி தடையின்றிக் கிடைத்தது. இதிலிருந்து பெறப்படுவது யாது? அகராதி தொகுப்பதற்கு வேண்டிய ஆண்டுகளைத் திருச்சபைகள் அளித்தன. ஆனால் அகராதியைத் தம் பணியின் விளைவாகக் கருதி, அதற்கெனத் தம் பணப்பையைத் திறக்கவில்லை. அவற்றின் பார்வையில் அகராதி, திருமறை மொழிபெயர்ப்புக்கு ஏறும் ஏணி. ஏறியபின் பிறர் எடுத்துக்கொள்ளலாம்.

மொழியின் பார்வை வேறு. 1940ஆம் ஆண்டு அகராதியில் திருமறைக்குத் தேவைப்படாத எண்ணற்ற சொற்கள் உள்ளன. ஜூம் வேளாண்மை, வேட்டை, பழஞ்சடங்கு, விருந்து ஆகியவை பற்றிய சொற்கள் அவை. பிறர்க்காகத் தன்னை ஒடுக்கிக்கொள்ளும் பண்பைக் குறிக்கும் 'த்லோம்ஙைஹ்னா' என்னும் சொல்லுக்கு லோரெயின் எழுதிய விளக்கம், மிசோ பண்பாட்டை ஆராய்வோர் அனைவரும் எடுத்தாளும் பகுதியாக விளங்குகிறது. மறுபுறம், பழைய விழாக்களோடும் அரிசி மதுவோடும் தொடர்புடையதென்று கருதப்பட்ட 'குவாங்' என்னும் மத்தளத்துக்குத் தொடக்கக்காலத் திருச்சபையில் இடம் இல்லை. 1919ஆம் ஆண்டை ஒட்டி எழுந்த ஆன்மிக எழுச்சியின்போதுதான் அது வழிபாட்டுக்குள் வந்தது. ஒருகாலத்தில் வழிபாட்டிடத்தின் வாயிலில் நிறுத்தப்பட்ட பொருள்களின் பெயர்களுக்கு அகராதியின் பக்கங்களில் தடையில்லாமல் இடம் கிடைத்தது. ஒரே பணியின் இவ்விரு முகங்களையும் சேர்த்துக் காண்பதே நடுநிலை வரலாறாகும்.

7. பிடியரிசி

இதுவரை கூறியது வெளியிலிருந்து வந்த ஆதரவு. பெற்றவர்கள் கொடுப்பவர்களான வரலாறு 1910இல் தொடங்குகிறது. அவ்வாண்டில் மிசோ கிறித்தவப் பெண்கள் 'புஃபாய் தாம்' என்னும் வழக்கத்தை மேற்கொண்டனர். 'புஃபாய்' என்பது குற்றித் தூய்மைசெய்த அரிசி. 'தாம்' என்பது ஒரு பிடி. உலையில் அரிசியிடும் ஒவ்வொரு வேளையும் பெண் ஒருபிடி அரிசியைத் தனிக்கலத்தில் எடுத்துவைப்பாள். அது திருச்சபையில் சேர்க்கப்பட்டு, விற்கப்பட்டு, அப்பணம் சமயப்பணிக்கு வழங்கப்படும். பணப்புழக்கம் அருகிய மலைவாழ் சமூகத்தில் இஃது அறிவார்ந்த ஏற்பாடு. பணமில்லாத இல்லத்திலும் உலை உண்டு. உலையுள்ள இல்லம் அனைத்தும் பங்காளியாகலாம். மூங்கில் பூத்து, எலிகள் பெருகி, விளைச்சல் அழியும் 'மௌதாம்' என்னும் பஞ்சம் 1911-12இல் அம்மலையைத் தாக்கியது. வழக்கம் தொடங்கிய மறு ஆண்டே நேர்ந்த அச்சோதனையைக் கடந்து பிடியரிசி நிலைத்தது. இன்றும் மிசோ திருச்சபைகளின் பணிக்கு அது முக்கிய ஊற்றாக விளங்குகிறது. 1966இல் எழுந்த அரசியல் கிளர்ச்சிக்குப் பின் அயல்நாட்டுப் பணியாளர் வெளியேற நேர்ந்தபோது, பணி நின்றுபோகாமைக்கு இவ்வுள்ளூர் ஆதரவே காரணம்.

தமிழ்த் திருச்சபைகளுக்கு இது புதிதன்று. பிடியரிசி எடுத்துவைக்கும் வழக்கம் தென்னாட்டுக் கிறித்தவ இல்லங்களிலும் உண்டு. திருநெல்வேலித் திருச்சபையினர் 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரிச் சங்கத்தை நிறுவினர். இதில் முன்னின்றவர் வி. எஸ். அசரியா (1874-1945). அதற்கு முந்திய ஆண்டில் அவர் யாழ்ப்பாணம் சென்றிருந்தார். அங்குள்ள தமிழ்க் கிறித்தவர் தம் சொந்தக் காணிக்கையால் வேற்றிடத்துக்குப் பணியாளரை அனுப்பியிருந்ததைக் கண்டு ஊக்கம் பெற்றார். சங்கம் தேர்ந்த களம் நிஜாம் ஆட்சிப்பகுதியிலிருந்த தோர்ணக்கல். அசரியா 1909இல் தாமே அங்குச் சென்றார். 1912இல் அவர் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார். தமிழரான அவர் தெலுங்கைக் கற்று, தெலுங்கிலேயே பணியாற்றி, 1945இல் இறக்கும்வரை அம்மக்களிடையே வாழ்ந்தார். தெலுங்குப் பாடல்களும் நாடகங்களும் சிற்றூர் வழிபாட்டில் இடம்பெற அவர் ஊக்கமளித்தார். ஆதரவளித்த திருச்சபையின் மொழி தமிழ். பணியின் மொழி தெலுங்கு. இவ்விரண்டையும் வேறுபடுத்தி உணர்ந்தமை அப்பணியின் சிறப்பாகும்.

8. ஆதரிப்போர் மொழியும் ஆதரிக்கப்படுவோர் மொழியும்

கொடுக்கும் திருச்சபையின் மொழியே பெறுவோர் மீது படர்ந்துவிடும் இடர் எப்போதும் உண்டு. 1910இல் வாட்கின் ராபர்ட்ஸ் என்னும் வெல்ஷ்காரர், தமக்குக் கிடைத்த ஐந்து பவுன் நன்கொடையில் லூஷாய் மொழி யோவான் நற்செய்திப் படிகளைப் பெற்று அண்டை ஊர்த்தலைவர்களுக்கு அனுப்பினார். அவற்றுள் ஒன்று மணிப்பூரின் தென்பகுதியிலுள்ள சென்வோன் என்னும் ஊரை அடைந்தது. அங்கு வாழ்ந்தோர் ஹ்மார் மக்கள்; அவர்களுக்குத் தனி மொழி உண்டு. எனினும் அவ்வூர்த் தலைவர் நூலின் பொருளை விளக்க வருமாறு அழைப்பு விடுத்தார். ஐந்து பவுன் ஆதரவு ஓர் இனத்தின் வரலாற்றையே மாற்றியது என்று திருச்சபை வரலாறுகள் இதனைக் கொண்டாடும். மொழியியலார் இன்னொன்றையும் காண்பர். முதலில் எழுத்துப்பெற்ற மொழி, எழுத்துப்பெறாத அண்டை மொழிகளின் நிலத்துக்குள் நூல்வடிவில் நுழைந்த நிகழ்ச்சியும் அதுவே.

இதற்கு மாறான எடுத்துக்காட்டும் அதே மலையில் உண்டு. ரெஜினால்ட் லோரெயின் 1905இல் லக்கேர் முன்னோடி மிஷன் என்னும் சிறிய, தனித்த அமைப்பை இலண்டனில் நிறுவினார். 1907இல் செர்க்கோர் என்னும் ஊரில் குடியேறி, மாரா மக்களின் மொழிக்கு எழுத்தமைத்தார். அண்ணன் அருகிலேயே லூஷாய் மொழியில் பாடநூல்களும் நற்செய்தி நூல்களும் ஆயத்தமாக வைத்திருந்தார். அவற்றைக் கொண்டே தம்பியும் பணியாற்றியிருக்கலாம். அவ்வாறு செய்யாமல், மாரா மொழியை அதற்குரிய தனி மொழியாகவே மதித்தார். அவரை ஆதரித்த அமைப்பு மிகச் சிறியது. ஆனால் ஒரு சிறு மொழிக்கென ஒரு வாழ்நாளை அளிக்க அதற்கு மனமிருந்தது. 1972இல் மாரா மக்களுக்குத் தனித் தன்னாட்சி மாவட்டக் குழு அமைந்தமைக்குக் காரணங்கள் பல. தம் மொழியில் தமக்கென எழுத்தும் நூலும் இருந்தமையை அவற்றுள் ஒன்றாகக் கருத இடமுண்டு.

எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோரின் தாய்மொழியாக 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பதிவாகியுள்ள மிசோ, இன்று தன் மாநிலத்தில் பெருமொழி. அவ்வாண்டில் மிசோரத்தின் எழுத்தறிவு 91 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. அதே மாநிலத்தில் மாரா, லாய், சக்மா, புரூ ஆகிய சிறுமொழிகள் வழங்குகின்றன. 1894இல் மிசோ இருந்த இடத்தில் இன்று வேறு மொழிகள் நிற்கின்றன. அன்று அயலார் தம் மொழியைக் கற்று எழுத்தமைத்ததால் பயன்பெற்ற திருச்சபை, பிடியரிசியின் துணையால் பிறரிடம் செல்லும்போது, அம்மக்களின் மொழியைக் கற்கப் பணியாளருக்கு எத்தனை ஆண்டுகள் தருகிறது என்பதே அதன் வரலாறு அதனிடம் கேட்கும் வினா. வடமாநிலப் பழங்குடியினரிடையே பணியாளரை அனுப்பிவரும் தமிழ்த் திருச்சபைகளுக்கும் இவ்வினா பொருந்தும்.

9. தொகுப்புரை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து நான்கு கருத்துகள் பெறப்படுகின்றன.

முதலாவது, எழுத்தில்லா மொழிக்குத் திருச்சபை அளிக்கக்கூடிய முதன்மையான ஆதரவு காலமே. ஆர்திங்டனின் பெருங்கொடை நான்காண்டுகளில் ஓர் எழுத்துமுறையையும் மூன்று நூல்களையும் தந்தது. எல்லை வகுக்காத நீண்ட ஆதரவே முழுமொழிபெயர்ப்பையும் பேரகராதியையும் தந்தது.

இரண்டாவது, அகராதி, இலக்கணம், வழக்காற்றுத் தொகுப்பு ஆகியவை பணியின் உபவிளைவுகள் அல்ல. திருமறையை அச்சிட ஒதுக்கும் பணத்தோடு இவற்றுக்கும் ஒரு பங்கு ஒதுக்கப்படுதல் வேண்டும். அரசும் அறிஞர் கழகமும் முன்வராதிருந்தால் லோரெயின் உடன்பிறந்தாரின் தொகுப்புகள் கையெழுத்துப்படிகளாகவே அழிந்திருக்கக்கூடும்.

மூன்றாவது, ஆதரவு பெறுவோரின் அன்றாட வாழ்விலிருந்தே எழும் கொடை, வெளியிலிருந்து வரும் பெருங்கொடையைக் காட்டிலும் நிலையானது. பஞ்சத்தையும் அரசியல் மாற்றத்தையும் பிடியரிசி கடந்து நின்றது. சல்லியானா போன்ற தாய்மொழி அறிஞர் மொழிபெயர்ப்பில் பெற்ற இடமும் இவ்வகையைச் சார்ந்ததே.

நான்காவது, கொடுப்போரின் மொழி பணியின் மொழியாகிவிடாதவாறு காத்தல் கொடுப்போரின் கடமை. தோர்ணக்கல்லும் செர்க்கோரும் இதற்குச் சான்று. சென்வோன் நமக்கு எச்சரிக்கை.

லோரெயினின் பேரகராதி 1940இல் வெளிவந்தபோது அவர் முதன்முதலில் அம்மலையில் கால்வைத்து நாற்பத்தாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. நான்காண்டுகளுக்குப் பின் அவர் மறைந்தார். நான்காண்டுகளில் முடியவேண்டும் என்று திட்டமிடப்பட்ட பணிக்கு ஒரு முழு வாழ்நாள் தேவைப்பட்டது. சிறுமொழிகளை நோக்கிப் புறப்படும் எவரும், சமய நோக்கினராயினும் ஆய்வு நோக்கினராயினும், தமக்குத் துணைநிற்போரிடம் முதலில் கேட்டுப் பெறவேண்டியது அவ்வாண்டுகளையே.